முன்சக்கரம் தரையில் இல்லாதபோது

1

வீலிங் என்பதற்குத் தமிழில் தனியாக ஒரு சொல் இல்லை. நாளிதழ்கள் 'பைக் சாகசம்' என்று எழுதுகின்றன. டீக்கடையில் நிற்பவர்கள் 'வீல் தூக்குறான் பாரு' என்கிறார்கள். இரண்டுமே ஓட்டுகிறவனைத்தான் பார்க்கின்றன. அந்தச் சக்கரம் தரையில் இருந்தவரை என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று இரண்டும் கேட்பதில்லை. எனக்கு அந்த வேலையைப் பற்றித்தான் பேச வேண்டும்.

பேசப்போவது சின்ன பைக்குகளைப் பற்றி அல்ல. டியோவிலும் டியூக்கிலும் பையன்கள் வீல் தூக்குவதைப் பற்றி நிறையப் பேர் நிறையத் திட்டி எழுதியாகிவிட்டது. நான் யோசிப்பது 'ஸ்போர்ட் டூரர்' என்ற வகையைப் பற்றி. கவாஸாகி நிஞ்ஜா 1000எஸ்எக்ஸ் மாதிரியான வண்டிகள். 1043 சிசி எஞ்சின், கிட்டத்தட்ட 240 கிலோ எடை, முன்னால் காற்றைத் தடுக்கும் கண்ணாடி, பின்னால் இன்னொருவர் வசதியாக உட்கார நல்ல சீட், இரண்டு பக்கமும் பெட்டி மாட்ட இடம். ஒரே நாளில் சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய் இறங்கினாலும் இடுப்பு வலிக்கக் கூடாது என்று யோசித்து வடிவமைத்த வண்டி. இன்னொருவரையும் அவருடைய மூட்டையையும் சுமப்பதற்காகவே பிறந்தது. இதன் முன்பக்கத்தைத் தூக்கி ஒற்றைச் சக்கரத்தில் ஓட்டுவதில் ஒரு விசித்திரமான கவர்ச்சி இருக்கிறது. கோயில் யானை குட்டிக்கரணம் போடுவதைப் பார்ப்பது மாதிரி.

நான் கல்லூரியில் படித்தது மெக்கானிக்கல். பிழைப்பு சாஃப்ட்வேர். என் தலைமுறையில் பாதிப் பேரின் கதை இதுதான் என்பதால் விளக்கத் தேவையில்லை. என்னோடு படித்த நண்பன் ஒருவனிடம் இப்படியொரு வண்டி இருக்கிறது. எட்டு வருஷமாக வீலிங் அடிக்கிறான், நன்றாகவே அடிக்கிறான். அவனோடு எனக்கு நடந்துகொண்டிருக்கும் நீண்ட வாக்குவாதத்திலிருந்து வந்ததுதான் இந்தக் கட்டுரை.

2

முதலில் கொஞ்சம் பௌதிகம். அது இல்லாமல் இந்த விஷயத்தில் ஒழுக்கம் பேசுவது வெறும் உபதேசம் ஆகிவிடும்.

ஒரு பைக் எப்போது முன்சக்கரத்தைத் தூக்கும்? பின்சக்கரம் தரையைத் தொடும் புள்ளியிலிருந்து வண்டியின் எடைமையம் எவ்வளவு தூரம் முன்னால் இருக்கிறது, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்ற இரண்டு அளவுகள் போதும். முதலாவதை இரண்டாவதால் வகுத்து, புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கினால், எவ்வளவு வேகமாக முடுக்கினால் முன்பக்கம் எழும் என்று தெரிந்துவிடும். ஓட்டுநரோடு சேர்த்து இரண்டு அளவுகளும் தோராயமாக 70 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு 'ஜி' அளவு முடுக்கம் வேண்டும். கவனியுங்கள், இந்தச் சமன்பாட்டில் எடை வரவில்லை. இருபுறமும் வந்து அடிபட்டுப்போகிறது. 120 கிலோ வண்டியும் 240 கிலோ வண்டியும் ஒரே வடிவில் இருந்தால் ஒரே முடுக்கத்தில்தான் எழும். கனமான வண்டியில் அந்த முடுக்கத்தைக் கொடுக்க அதிக விசை தேவை. ஆயிரம் சிசி எஞ்சினிடம் அந்த விசை இருக்கிறது. த்ராட்டிலை முறுக்கும்போது கிளட்சையும் லேசாகத் தட்டிவிட்டால் போதும், கொசுறு கேட்டதுபோல எஞ்சின் கொடுத்துவிடும்.

எழுந்த பிறகு, எடைமையம் பின்சக்கரம் தரையைத் தொடும் புள்ளிக்கு நேர் மேலே வரும் கோணம் ஒன்று உண்டு.  அங்கே போய்விட்டால் முடுக்கத் தேவையில்லை, வண்டி தானாக நிற்கும். பேலன்ஸ் பாயிண்ட் என்பார்கள். அதற்குக் கீழே இருந்தால் முடுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் வண்டி பின்னால் கவிழும். கவிழாமல் காப்பாற்றுவது வலது காலடியில் இருக்கும் பின்பிரேக் மட்டும்தான். நன்றாக வீலிங் அடிக்கிறவர்களின் திறமை கையில் இல்லை, அந்தப் பாதத்தில் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் அழுத்தம், ஒரு மில்லிமீட்டர் விடுவிப்பு. நண்பன் சொல்வான்: "அந்த இடத்துல வண்டிக்கு எடையே இல்லடா. 240 கிலோவும் எங்கயோ போயிடும். தலைக்குள்ள ஒரு சத்தமும் இருக்காது."

நான் அதை நம்புகிறேன். அது உண்மையான அழகு என்றும் நம்புகிறேன். 1991இல் ஜப்பானின் யசுயுகி குடோ, ஸுக்குபாவில் இருக்கும் ஒரு வாகனச் சோதனைத் தடத்தில் ஒற்றைச் சக்கரத்தில் 331 கிலோமீட்டர் நிறுத்தாமல் ஓட்டினார். ஏறக்குறைய சென்னையிலிருந்து திருச்சி போகும் தூரம். அதைப் பொறுக்கித்தனம் என்று யாராவது சொன்னால் அவருக்கு மனித உடலின் சாத்தியங்கள் மேல் ஆர்வம் இல்லை என்றுதான் அர்த்தம்.

சரி, முன்சக்கரம் மேலே இருக்கும்போது என்ன போய்விடுகிறது? இரண்டு விஷயங்கள். ஒன்று, திருப்புதல். ஹேண்டில்பார் வெறும் கைப்பிடி ஆகிவிடுகிறது. உடம்பைச் சாய்த்துக் கொஞ்சம் திசை மாற்றலாம், சட்டென்று விலக முடியாது. இரண்டு, முன்பிரேக். ஒரு பைக்கை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்பிரேக்கினுடையது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது. அந்த எடை முன்டயரைத் தரையோடு அழுத்துகிறது. அழுத்தம் கூடக்கூடத்தான் டயருக்குப் பிடிப்பு கூடும். சுமை இல்லாத டயரால் ஒன்றும் செய்ய முடியாது.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஆறு விநாடி வீலிங் அடித்தால் கடக்கும் தூரம் சரியாக 100 மீட்டர். அதே வேகத்தில் முன்பிரேக்கையும் பின்பிரேக்கையும் சேர்த்து நன்றாகப் பிடித்தால் சுமார் 18 மீட்டரில் வண்டி நிற்கும். பின்பிரேக் மட்டும் என்றால் தோராயமாக 40 மீட்டர். ஒரு பெரிய பஸ் பன்னிரண்டு மீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டு வித்தியாசத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சமன்பாட்டில் அடிபட்டுப்போன எடை இங்கே திரும்ப வருகிறது. ஓட்டுநரோடு சேர்ந்த 315 கிலோ அந்த வேகத்தில் சுமக்கும் ஆற்றல், ஒரு சாதாரண ஸ்கூட்டரும் ஓட்டுபவரும் சுமப்பதைப்போல 1.7 மடங்கு. தூக்குகிறவனுக்குக் கனம் காணாமல் போகலாம். எதிரே நிற்பவருக்குப் போவதில்லை.

3

நண்பனின் வாதங்கள் மூன்று. அவற்றை நியாயமாகவே வைக்கப் பார்க்கிறேன்.

முதலாவது: என் உடம்பு, என் உயிர், என் வண்டி. 1859இல் ஜான் ஸ்டூவர்ட் மில் 'ஆன் லிபர்ட்டி'யில் சொன்னதன் பைக் வடிவம் இது. அடுத்தவருக்குத் தீங்கு வராதவரை ஒருவனைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. இந்த வாதம் ஆளில்லாத இடத்தில் செல்லும், பொதுச்சாலையில் செல்லாது. அதை அவனே ஒப்புக்கொள்வான்.

இரண்டாவது: எட்டு வருஷமாகப் பண்ணுகிறேன், ஒருவர் மேலும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

மூன்றாவதுதான் என்னை உண்மையிலேயே மடக்கியது. "ரோட்ல ரிஸ்க் குடுக்காதவன் யாருடா? போன் பாத்துக்கிட்டே கார் ஓட்டுறான். ராங் சைடுல குடும்பத்தோட வர்றான். ரெண்டு நாளா தூங்காம லாரி ஓட்டுறான். நான் எட்டு மணி நேரம் தூங்கி, டயர் பிரஷர் பாத்து, காலியான ரோட்ல ஆறு செகண்ட் தூக்குறேன். யாரால ஆபத்து அதிகம்? கணக்குப் போட்டுச் சொல்லு."

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய அரசின் கணக்கு. அவர்களில் ஐந்தில் ஒருவர் பாதசாரி. இந்தச் சாவுகளில் வீலிங்கின் பங்கு மிகச் சொற்பமாகத்தான் இருக்கும். வேகமும் தூக்கமும் போதையும் செல்போனும் கொல்கிற எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூட அது வராது. ஆபத்தின் அளவுதான் தவறின் அளவு என்றால் நண்பன் ஜெயித்துவிட்டான்.

விளைவை வைத்துத் தீர்ப்புச் சொல்லலாமா? நாம் பொதுவாக அப்படித்தான் செய்கிறோம். 2023 செப்டம்பர் 17 அன்று யூடியூபர் டிடிஎஃப் வாசன், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் காஞ்சிபுரம் அருகே ஹயபுஸாவில் வீலிங் செய்ய முயன்று தூக்கி எறியப்பட்ட வீடியோ உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அவருக்குக் கை முறிந்தது. வேறு யாருக்கும் அடியில்லை. கைதானார், முதலில் ஜாமீன் மறுக்கப்பட்டது, ஓட்டுநர் உரிமம் பத்து ஆண்டுகளுக்கு ரத்தானது. அதற்கு முன்னால் ஒழுங்காகத் தரையிறங்கிய வீலிங் வீடியோக்கள் எத்தனை ஆயிரம்? அவற்றுக்கு நாம் போட்டது நெருப்பு இமோஜி. அதே செயல், அதே சாலை. ஒன்றில் சக்கரம் சரியாக இறங்கவில்லை. அந்த ஒரு நொடிதான் ஹீரோவையும் குற்றவாளியையும் பிரித்தது.

சட்டமும் இப்படித்தான் எண்ணுகிறது. உயிருக்கு ஆபத்து வரும்படி பொதுச்சாலையில் ஓட்டினால், பழைய தண்டனைச் சட்டத்தின் 279ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. அதே ஓட்டலில் ஒருவர் இறந்தால் 304ஏ, இரண்டு ஆண்டு வரை. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் இரண்டாவதன் உச்சம் ஐந்து ஆண்டு. குறுக்கே ஒருவர் வந்தாரா இல்லையா என்பது ஓட்டுகிறவன் கையில் இல்லை. ஆனால் தண்டனை அதைப் பொறுத்து மாறுகிறது. 1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் இந்தச் சிக்கலுக்கு 'ஒழுக்க அதிர்ஷ்டம்' என்று பெயர் வைத்துக் கிளறினார்கள். நம் கட்டுப்பாட்டில் இல்லாத ஒன்றுக்காக நம்மைப் பழிப்பது நியாயமில்லை என்று தோன்றுகிறது. ஆனால் விளைவுகளை நீக்கிவிட்டுப் பார்த்தால் பழிக்க ஒன்றுமே மிஞ்சாது போலவும் இருக்கிறது. அவர்கள் அந்த முடிச்சை அவிழ்க்கவில்லை. முடிச்சு எங்கே இருக்கிறது என்று காட்டினார்கள்.

நண்பனின் இரண்டாவது வாதம் இந்த முடிச்சில்தான் தொங்குகிறது. 'ஒன்றும் ஆகவில்லை' என்பது அவன் செய்ததைப் பற்றிய செய்தி மட்டும் அல்ல. அன்றைக்கு யார் சாலையைக் கடக்கவில்லை என்பதைப் பற்றிய செய்தியும்தான். அந்த எட்டு வருஷப் பெருமையில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

4

விளைவும் அளவுகோல் இல்லை, ஆபத்தின் அளவும் அளவுகோல் இல்லை என்றால் வேறு எது?

நம்மூர்ச் சாலைகளில் மட்டுமே நன்றாக வேலை செய்யும் ஒரு சைகை இருக்கிறது. சிக்னல் இல்லை, ஜீப்ரா கோடு அழிந்துவிட்டது, வண்டிகள் நிற்காமல் வருகின்றன. கையில் காய்கறிப் பையோடு ஓர் அம்மா ஒரு கையை மட்டும், உள்ளங்கை வண்டிகளைப் பார்க்க, இடுப்பு உயரத்துக்கு நீட்டுகிறார். பிறகு நடக்கத் தொடங்கிவிடுகிறார். பாதி நேரம் நம்மைப் பார்ப்பதுகூட இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் நண்பர்கள் இதைப் பார்த்து உறைந்துபோவார்கள். அந்தக் கை யாரையும் தடுத்து நிறுத்தும் பலம் உள்ளதல்ல. அது ஒரு கேள்வி: 'நான் வர்றேன், நீ பாத்துப்பல்ல?' நாம் பிரேக்கைத் தொட்டு, லேசாக விலகி, அதற்குப் பதில் சொல்கிறோம். ஒரு நாளில் எத்தனை முறை இந்தக் கேள்வி நம்மிடம் கேட்கப்படுகிறது என்று எண்ணிப் பார்த்ததில்லை. அத்தனை முறையும் பதில் சொல்லிவிடுவதால்தான் எண்ண வேண்டியதில்லாமல் இருக்கிறது.

அந்தப் பதிலை உண்மையில் சொல்வது முன்சக்கரம். விலகுவதும் நிற்பதும் அதன் வேலை. வீலிங் அடிக்கிறவன் அந்த ஆறு விநாடியும் கேள்வி கேட்க முடியாத ஆள் ஆகிவிடுகிறான். அவன் கெட்டவன் என்பதால் அல்ல, பதில் சொல்லும் உறுப்பைத் தானே கழற்றி மேலே வைத்திருப்பதால்.

'ரெஸ்பான்ஸிபிலிட்டி' என்ற ஆங்கிலச் சொல்லுக்குள் பதில் இருக்கிறது. நம்முடைய 'பொறுப்பு'க்குள் இருப்பது பாரம். பொறு என்றால் தாங்கு. பொறை என்றால் சுமை, பொறுத்துக்கொள்ளும் குணத்துக்கும் அதே சொல். குறளில் ஓர் அதிகாரமே பொறையுடைமை. இரண்டு சொற்களும் வெவ்வேறு திசையிலிருந்து வருகின்றன என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். டயரைப் பற்றி யோசித்தபோது இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. சுமை இருக்கும் டயரால்தான் பதில் சொல்ல முடியும்.

இப்போது மூன்றாவது வாதத்துக்கு வரலாம். தூங்காத லாரி டிரைவர் நண்பனைவிட ஆபத்தானவர், சந்தேகமே இல்லை. ஆனால் அவர் பதில் சொல்லப் போராடிக்கொண்டிருக்கிறார். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்கிறார், பாட்டைச் சத்தமாக வைக்கிறார். அவரைத் தூங்கவிடாமல் ஓட்டவைத்த வாடகைக் கணக்கும் டெலிவரி நேரமும் குற்றத்தில் பங்குதாரர்கள். ஆம்புலன்ஸ் சிக்னலை மீறுகிறது, ஆனால் சைரன் போட்டு எல்லோரிடமும் கேட்டுவிட்டுத்தான் மீறுகிறது. போன் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறவன்தான் வீலிங்குக்கு நெருங்கிய சொந்தக்காரன். அவனும் பதிலைத் தானே கழற்றிவைத்தவன். அதனால் நான் நண்பனிடம் சொன்னது இதுதான்: "நீ லாரிக்காரனோட உன்ன ஒப்பிடாத. வாட்ஸப் பாத்துக்கிட்டே ஓட்டுறவனோட ஒப்பிடு. அவன்கூட நீ சமமா நிக்கிற, அவ்ளோதான்." அவனுக்கு அது பிடிக்கவில்லை. வாட்ஸப் பார்க்கிறவனை அவன் மனதார வெறுப்பவன்.

என் தொழிலில் இதற்கு எளிமையான வழக்கம் ஒன்று உண்டு. புதுக் கோடை முதலில் ஸ்டேஜிங் சர்வரில் ஓட்டிப் பார்ப்போம். உண்மையான பயனர்கள் இருக்கும் ப்ரொடக்‌ஷனில் ஏற்றும்போது, தப்பாகிப்போனால் பழைய நிலைக்குத் திரும்ப ஒரு வழியைத் தயாராக வைத்திருப்போம். அந்த வழியை அடைத்துவிட்டு ஏற்றுகிறவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் டீமில் மரியாதை கிடைக்காது. பயனருக்குத் தான் சோதனையில் இருப்பதே தெரியாது என்பதுதான் காரணம்.

பைக்குகளுக்குள்ளேயே இன்று இந்த யோசனை எழுதப்பட்டிருக்கிறது. 2015 யமஹா ஆர்1 ஆறு அச்சுகளில் அசைவை அளக்கும் சென்சாரோடு வந்தது. முன்பக்கம் எழுவதை உணர்ந்து எஞ்சின் விசையைக் குறைக்கும். இப்போது பெரிய வண்டிகள் பலவற்றில் இதுபோல ஏதோ ஒன்று இருக்கிறது. வீல் தூக்க விரும்புகிறவர்கள் முதலில் மெனுவுக்குள் போய் அதை ஆஃப் பண்ண வேண்டும். அந்த மென்பொருளை எழுதியவர்கள் ஒரு முடிவெடுத்திருக்கிறார்கள்: சக்கரம் கீழே இருப்பது இயல்புநிலை, மேலே போவதற்கு ஓட்டுநரின் சம்மதம் வேண்டும். நல்ல முடிவுதான். ஆனால் கை நீட்டிக்கொண்டு கடக்கிற அம்மாவிடம் அந்த மெனு இல்லை.

5

அப்படியானால் ட்ராக்குக்குப் போ என்பதுதான் பதிலா? வாசன் விழுந்த அதே நெடுஞ்சாலையை ஒட்டி, இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் ரேஸ் ட்ராக் இருக்கிறது. ஆனால் ட்ராக்குக்குப் பணம் வேண்டும், உடை வேண்டும், வண்டியை ஏற்றிக் கொண்டுபோக ஆள் வேண்டும். பிராட்வேயிலிருந்து மெரினாவுக்கு டியோவில் வரும் பையனுக்கு அந்தக் கேட் திறக்காது. கிரிக்கெட் ஆட மைதானம் கேட்கலாம் என்று நமக்குத் தெரியும். வண்டியோடு விளையாட இடம் கேட்கலாம் என்று இந்த நகரத்தில் யாருக்கும் தோன்றியதில்லை. தண்டிப்பதற்கு மட்டும் அவர்களை ஞாபகம் வைத்திருப்பது சரியில்லை.

நண்பனுக்கு அந்தச் சாக்கு கிடையாது. அவனால் ட்ராக்குக்குப் போக முடியும். ஏன் போவதில்லை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "அங்க பண்ணா பயிற்சி மாதிரி இருக்குடா. ரோட்லதான் அது நிஜமா இருக்கு."

இதைவிட நேர்மையான பதிலை எதிர்பார்க்க முடியாது. ஆனால் சாலையை நிஜமாக்குவது எது? அங்கே போகிற, வருகிற, எதற்கும் சம்மதம் சொல்லாத மனிதர்கள்தான். அவர்கள் இல்லாவிட்டால் அதுவும் வெறும் தார்தான்.

போன மாதம் அவன் என்னிடம் ஒன்று கேட்டான். மரக்காணம் பக்கம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் நேராகப் போகும் ஒரு பகுதி. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. "வீடியோ எல்லாம் வேணாம் மச்சான். நீ முன்னாடி போய் நில்லு. யாராவது வந்தா இண்டர்காம்ல சொல்லு. அப்ப உன் பிரச்சினையும் தீந்துச்சுல்ல?"

கேட்டவுடன் சிரிப்பு வந்தது. பிறகு அதிலிருந்த அன்பும் புரிந்தது. அவன் என் வாதத்தைக் காதில் வாங்கியிருக்கிறான். ஏதோ ஒன்று குறைகிறது என்று ஏற்றுக்கொண்டு, அந்தக் குறையை நிரப்ப என்னைக் கூப்பிடுகிறான். அவனுடைய முன்சக்கரமாக என்னை இருக்கச் சொல்கிறான்.

இரண்டு நாள் அதைப் பற்றியே யோசித்தேன். மரக்காணத்தில் சாலையோரமாகவே உப்பளங்கள். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்பதால் உப்பளத்துக்காரர்கள் இருட்டோடு கிளம்புவார்கள். 'காலியான ரோடு' என்று நாம் சொல்லும் நேரம் அவர்களுக்கு வேலைநேரம். ஒருவர் கையை நீட்டிக்கொண்டு சாலையில் கால் வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நான் பார்க்க வேண்டும், புரிந்துகொள்ள வேண்டும், சொல்ல வேண்டும், அவன் கேட்க வேண்டும், சக்கரத்தை இறக்க வேண்டும். இரண்டு விநாடி என்று வைத்தாலும் 33 மீட்டர். அதற்குப் பிறகுதான் பிரேக். இதைக்கூட இன்னொரு ஆளை நிறுத்தி, தூரத்தைக் கூட்டிச் சரிசெய்துவிடலாம். சரிசெய்ய முடியாதது வேறு. அந்தக் கை என்னிடம் கேட்கவில்லை. வரும் வண்டியிடம் கேட்கிறது. நடுவில் நின்று அவர் சார்பாக நான் சொல்லும் பதில், அவருக்குத் தெரியாமல் அவர் உயிரை வைத்து நாங்கள் இருவரும் செய்துகொண்ட ஏற்பாடு. இரண்டு முனையிலும் ஆள் நிறுத்தி, வருகிறவர்களிடம் விஷயத்தைச் சொல்லி, 'அஞ்சு நிமிஷம் நிக்கிறீங்களா' என்று கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகு தூக்கினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. வேலைக்குப் போகிற ஒருவரிடம் அப்படிக் கேட்க வாய் வருமா என்பதை அவனே முடிவு பண்ணிக்கொள்ளட்டும்.

முடியாது என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்ப இந்த ஜென்மத்துல ரோட்ல எதையுமே அனுபவிக்க முடியாதா?" என்று கேட்டான்.

அவன் கோபமாகக் கேட்கவில்லை. வாரத்தில் ஐந்து நாள் திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற ஒருவனுக்கு, 240 கிலோ எடையற்றுப்போகும் ஆறு விநாடி என்னவாக இருக்கும் என்று எனக்கும் ஓரளவு தெரியும். அது அவனுக்குத் தேவையில்லை என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. உப்பளத்துக்குப் போகிறவர் அதற்கு விலை கொடுக்கக் கூடாது என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் அவனுக்கு நான் என்ன கொடுக்க முடியும் என்பதற்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. இருங்காட்டுக்கோட்டைக்கு இரண்டு பேருக்கு எவ்வளவு ஆகும் என்று மட்டும் விசாரித்து வைத்திருக்கிறேன்.